கப்பல் என்றுதான் சொல்ல வேண்டும்

என் கணவரும் என் அண்ணனும் ஒரே கப்பலில் வேலை பார்த்தார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள். கணவர் மேலே சுக்கான் அறையில். அண்ணன் கீழே தளத்தில், கயிறும் நங்கூரமும் ஏணிப்பலகையுமாக. நான் கரையில், சீட்டுக் கொடுக்கும் கூண்டில். இந்த இருவருக்கும் நடுவில் என் வாழ்க்கை முழுக்க இடிபட்டது. இரண்டு பேருக்கும் நல்லவளாக இருக்கப் பார்த்தேன். அது எவ்வளவு முட்டாள்தனம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கப்பல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தட்டு, ஒரு புகைபோக்கி, உட்கார்ந்தால் முதுகில் குத்தும் மரப் பெஞ்சுகள். துறைமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும், ஏற்றி வரும். வேறு யாராக இருந்தாலும் படகு என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

"உங்க படகு காலையில எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

"படகா? முன்னாடி அணியம் இருக்கு, பின்னாடி பின்னணியம் இருக்கு, சுக்கான் இருக்கு, ரெண்டு தளம் இருக்கு, நங்கூரம் இருக்கு. படகாம்! உங்கப்பன் வீட்டுத் தொட்டியில விடற காகிதம்னு நினைச்சியாடி?"

அதோடு ஒரு வாரம் பேச்சில்லை. சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். எனக்கு அப்போது வயதும் குறைவு, பயம் அதிகம். அன்றைக்கு வாயை மூடியவள்தான். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் சரி, ஆமாம், அப்படியே செய்யலாம். கப்பல், கப்பல், கப்பல்.

அவருக்கும் அந்தப் பெயர்கள் சும்மா வந்துவிடவில்லை. முதலில் கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டும் வேலைக்குத்தான் வந்தார். ஒரு பாகத்தின் பெயர் தெரியாமல் அதில் கை வைத்தால் மண்டையில் குட்டு விழுமாம். குட்டு வாங்கி வாங்கி ஒவ்வொரு பெயராகச் சம்பாதித்தார். அப்போது அவர் பக்கத்தில் நின்று அதே குட்டுகளை வாங்கியவன் என் அண்ணன். இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி திரிந்தார்கள். அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "இவனை விட நல்லவன் கிடைக்க மாட்டான்" என்று என் தலையில் கட்டியதும் அண்ணன்தான். பிற்பாடு அந்த வாய்க்கு எத்தனையோ தரம் வருத்தப்பட்டான்.

சண்டைக்குக் காரணம் ஒரு முன்கயிறு, கரையில் கட்ட அணியத்திலிருந்து வீசுகிற கயிறு. கணவர் கேப்டன் ஆகிக் கொஞ்ச காலம். அண்ணன் அதே பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். ஒரு நாள் கரை சேரும்போது அணியம் துறைமேடையில் மோதி, இரும்புத் தகடு உள்வாங்கிவிட்டது. பெஞ்சிலிருந்து நாலைந்து பேர் விழுந்தார்கள். விசாரணையில் கணவர், முன்கயிற்றை வீசத் தாமதமாகிவிட்டது என்றார். அண்ணன், கப்பல் வந்த வேகத்துக்கு முன்கயிறு என்ன, சங்கிலி போட்டாலும் நிற்காது என்றான். கப்பல் முதலாளி, கேப்டன் சொன்னதையே எடுத்துக்கொண்டார். அண்ணனின் பரீட்சை அத்தோடு போயிற்று. சாகும் வரைக்கும் கயிறுதான் என்று எழுதி ஒட்டிய மாதிரி ஆகிவிட்டது. யார் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியாது. நான் கூண்டுக்குள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே தளத்தில் கைகலப்பு. பயணிகள் பயந்துபோய் இறங்கிவிட்டார்கள். முதலாளிக்கு இரண்டு பேரும் வேண்டும். இவர்களைப் போல வேலை தெரிந்தவர்கள் கிடைப்பது கஷ்டம். ஒரே உத்தரவாகப் போட்டார். "கப்பல்ல கால் வச்சா கப்பல் பாகத்தோட பேரைத் தவிர வேற ஒரு வார்த்தை உங்க வாயில வரக் கூடாது. வந்துச்சுன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

அப்படியே நடந்தது, வருடக்கணக்காக. சுக்கான் அறையில் ஒரு மைக் உண்டு. அதில் கணவர் பேசினால் கப்பல் முழுக்கவும் கேட்கும், காற்று இந்தப் பக்கம் அடித்தால் என் கூண்டிலும் கேட்கும். "முன்கயிறு." "பின்கயிறு." "ஏணிப்பலகை." அவ்வளவுதான். ஆனால் அந்த "பின்கயிறு" என்பதற்குள் அந்த மனிதர் எவ்வளவு வசவை அடைத்து வைப்பார் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். "முன்கயிறு" என்று சொல்லும்போது கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுப்பார். அண்ணனின் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குக் கூண்டிலிருந்தே தெரியும்.

பதிலுக்கு அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. சொல் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் கயிறு கரைக் கட்டையில் விழுந்திருக்கும். ஒரு தரம், ஒரே ஒரு தரம்கூடத் தாமதம் என்று சொல்லிவிட முடியாதபடி வேலை பார்த்தான். கணவரும் சளைத்தவர் இல்லை. வேகம் என்று ஒருத்தன் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்லிவிடக் கூடாது என்று, தூங்கும் குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி கப்பலைக் கரையில் கொண்டுவந்து வைப்பார். இரண்டு பேரின் வன்மத்திலும் ஊர் ஜனம் சொகுசாகப் பயணம் செய்தது. "உங்க கப்பல் மாதிரி வராதும்மா" என்று சீட்டு வாங்குகிறவர்கள் என்னிடம் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் ஒருத்தர் சோற்றை முழுங்காமல் இவனைத் திட்டுவார். கடைத்தெருவில் பார்த்தால் அவன் அவரைத் திட்டுவான். நான் இரண்டுக்கும் தலையாட்டுவேன்.

ஒரு நாள் காலையில் அண்ணன் என் கூண்டு ஜன்னலில் முகத்தை வைத்தான். வாயெல்லாம் பல்.

"உன் புருஷன் இன்னிக்கு முன்கயிறைப் பின்கயிறுன்னான்டி."

"வாய் தவறியிருக்கும். உனக்கு வேற வேலை இல்லையா?"

"அவனுக்கா? வாய் தவறுமா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தவறாது. நான் எத்தனை வருஷமாக் காத்திட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நான் ஜன்னலைச் சாத்தினேன். அவன் விரல் நசுங்கியிருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அவன் மறுபடி வந்தான். "இன்னிக்கு ஏணிப்பலகைன்னு வாயில வரல. 'அந்த நடக்கிறது'ன்னான்." பிறகு ஒரு நாள், "சுக்கான் இறுக்கமா இருக்குன்னு மெக்கானிக்கிட்ட சொல்லணும், 'அந்தத் திருப்பறது, அந்தத் திருப்பறது'ன்னு நின்னான். பார்க்கக் கண் கோடி வேணும்."

பொறாமையில் உளறுகிறான் என்றுதான் நினைத்தேன். வீட்டில் எனக்கு எதுவும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? "அது எங்கே," "அதை எடு," "அங்கே வை" என்பதுதான் எல்லா வீட்டிலும் கணவன்மார் பேசும் மொழி. எங்கள் வீட்டு அதுவுக்கும் இதுவுக்கும் அர்த்தம் கண்டுபிடித்து எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பே. அவர் சொல்லைத் தொலைத்தாரா, சோம்பேறித்தனமா என்று யார் பார்த்தது?

ஆனாலும் மனதில் விழுந்துவிட்டது. கூண்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த வாரமே கேட்டேன். கப்பல் கரை சேர்கிறது, முன்கயிறு போட வேண்டிய நேரம், ஒலிபெருக்கி "பின்கயிறு" என்கிறது. அண்ணன் ஒரு கணம்கூட யோசிக்காமல் முன்கயிற்றை வீசினான். அடுத்த நடையிலும் அப்படியே. என்ன சொன்னாலும் சரி, எது வேண்டுமோ அதைச் செய்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது இன்று நேற்று நடப்பதல்ல. மாதக்கணக்கில் இவன் அவர் சொல்வதைக் கேட்காமல் கப்பலைக் கரையில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

மதியம் கயிற்றுக் கிடங்கில் போய்ப் பிடித்தேன். ஈரக் கயிறும் தாரும் நாறும் இடம். அவன் ஒரு பிரிந்த கயிற்று முனையைப் பின்னிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே அவரைக் காப்பாத்திட்டிருக்க?"

"காப்பாத்துறேனா? நானா?" பின்னுவதை நிறுத்திவிட்டு நிஜமாகவே கோபத்தோடு பார்த்தான். "அவனைக் கவுக்கறதுன்னா நான்தான் கவுக்கணும். வியாதி யாருடி நடுவுல வந்து கவுக்கிறதுக்கு? தானா விழுந்தான்னா அதுல எனக்கு என்ன இருக்கு?"

"அவ்வளவு ஜனம் ஏறுது இறங்குது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் இருக்கேன்ல."

"முதலாளிகிட்ட சொல்லு."

"சொல்வேன். எனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்வேன். எல்லாரும் கூடியிருக்கணும், அவன் முழுசா நின்னு கேக்கணும். அதுக்குள்ள நீ வாயத் திறந்தே, தங்கச்சின்னு பார்க்க மாட்டேன்."

இவன் ஒரு மனிதனா என்று ஆகிவிட்டது. சரி, இவராவது புத்தியோடு இருப்பார் என்று வீட்டில் கணவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாமா என்றுதான் கேட்டேன். தண்ணீர்ச் செம்பு சுவரில் போய் மோதியது.

"உங்கண்ணன் சொல்லிக் குடுத்தானா? என்னை இறக்கிட்டு அந்த நாய் ஏறி உக்காரலாம்னு பாக்குதா? நான் இருக்கற வரைக்கும் அவன் கயிறுதான் இழுப்பான். போய்ச் சொல்லு!"

போய்ச் சொல்லவில்லை. உருண்ட செம்பை எடுத்து வைத்துவிட்டு, சரி என்று சொன்னேன். வேறென்ன தெரியும் எனக்கு?

அதற்கு அப்புறம்தான் அது நடந்தது. காலை நேரம், மேல்தட்டு கீழ்த்தட்டு இரண்டும் நிறைந்த நடை. துறைமுக வாயின் நடுவில் கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் எங்கிருந்தோ மிதந்து வந்த அறுந்த வலை சிக்கி, இயந்திரம் நின்றுவிட்டது. நீரோட்டம் கடலை நோக்கி. வழியில் அலைத்தடுப்புக் கருங்கற்கள். நான் கூண்டை விட்டு வெளியே ஓடி வந்து நின்றேன். கப்பல் பக்கவாட்டில் திரும்பி, கற்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரே வழி நங்கூரத்தை இறக்குவது. ஆனால் அந்த இடத்தில் நீருக்கடியில் மின்கம்பி ஓடுகிறது. கேப்டன் உத்தரவு இல்லாமல் அங்கே நங்கூரம் போட்டவனுக்கு அன்றே வேலை போகும், ஜெயிலும் உண்டு.

அண்ணன் அணியத்தில், நங்கூரப் பூட்டுக்குப் பக்கத்தில், கையில் சுத்தியலோடு நின்றான். மேலே சுக்கான் அறையைப் பார்த்து நின்றான். அத்தனை வருடத்தில் அவன் அந்த அறையை நிமிர்ந்து பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

காற்று இந்தப் பக்கம்தான் அடித்தது. ஒலிபெருக்கி திறந்தது. மூச்சு மட்டும் கேட்டது. "போடு," என்றார் கணவர். "அதைப் போடு. அது..." மறுபடி மூச்சு. "கதவு. கதவைப் போடு!"

கப்பலில் யாரோ சிரித்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணன் சுத்தியலை ஓங்கிப் பூட்டில் அடித்தான். சங்கிலி கடகடவென்று இறங்கியது. கப்பல் ஒரு குலுக்கலோடு நின்றது, கற்களுக்குக் கொஞ்சம் இப்பால். மின்கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இழுவைப் படகு வந்து கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

முதலாளி அறையில் எல்லோரும் நின்றோம். மின்கம்பி அலுவலகத்துக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். அண்ணன் கேட்ட கூட்டம் கூடிவிட்டது.

"யார் உத்தரவு குடுத்தது?" என்றார் முதலாளி.

"நான்தான்," என்றார் கணவர். தலை நிமிர்ந்துதான் இருந்தது. "நான்தான் போடச் சொன்னேன்."

"எதைப் போடச் சொன்னீங்க?"

கணவரின் வாய் திறந்தது, மூடியது. கண் அந்த அறையின் சுவர், மேசை, விசிறி என்று தேடிக்கொண்டு போய்க் கடைசியில் என் அண்ணன் முகத்தில் நின்றது. கெஞ்சவில்லை. அவனிடம் கெஞ்சிவிடுவாரா? ஆனால் அந்த வார்த்தை அவனிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணனும் அவரைப் பார்த்தான். அவன் காத்திருந்த நாள். "கதவுன்னான்" என்று ஒரு சொல், எல்லாம் முடிந்தது. "நங்கூரம்னார்" என்று ஒரு சொல், நாளைக் காலை மறுபடி அவ்வளவு ஜனமும் அந்தக் கப்பலில். இத்தனை வருடம் வளர்த்த பகையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தான், தடியன்.

எனக்கு இரண்டு பேர் மேலும் வெறுப்பு பொங்கியது. "கதவுன்னார்," என்றேன். "நான் கரையில நின்னு கேட்டேன். ரொம்ப நாளாவே அவருக்குப் பேர் எதுவும் வரல. அவரை இறக்கிடுங்க."

கணவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நேராக வெளியே நடந்தார். வாசலில் அண்ணன் என் கையை முறுக்கிப் பிடித்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"நான் சொல்ல வேண்டியதை நீ யாருடி சொல்ல?"

"சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்று கையை உதறினேன். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, முதலில் பொருட்களின் பெயர் போகும், பிறகு ஆட்கள் போவார்கள் என்றார். அதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கப்பலுக்குப் புதிதாக ஒரு கேப்டன் வந்தார். அண்ணன் அவரோடு கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டான். "அவர்கிட்ட வெறுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லடி. கயிறு போட்டா தேங்க்ஸ் சொல்றார்" என்றான்.

அதன் பிறகு சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். விசாரிக்க வருகிறான் என்று நினைத்தீர்களா? சண்டை போட வந்தான். என் கணவருக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான். அவர் பகல் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி, தேக்கரண்டிக்கும் சீப்புக்கும் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அண்ணன் ஆரம்பிப்பான்.

"அன்னிக்கு என்ன வேகத்துல வந்தே?"

கணவரின் முதுகு நிமிரும். "வேகமா? நீ முன்கயிறை லேட்டாப் போட்டடா, நாயே! அணியம் போய் இடிச்சுது. பின்கயிறாவது பிடிச்சியா? தளத்துல நின்னு வேடிக்கை பாத்தே!"

அத்தனை பெயரும் வரிசையாக, பிசகாமல் வரும். அண்ணன் பதிலுக்குக் கத்துவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் முகத்தில் ரத்தம் ஓடும். அவன் போனதும் கணவர் நன்றாகத் தூங்குவார். அடுத்த நாள் முழுதும் மறந்திருப்பார், சாயங்காலம் அவன் வாசலில் தலை காட்டியதும் ஒரே பார்வையில் அடையாளம் தெரிந்துவிடும். "வந்துட்டான் பாரு!"

ஒரு நாள் அவர்கள் நடுவில் நான் காபி டம்ளரை வைத்தேன். கணவர் என்னை அண்ணாந்து பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"யாரும்மா நீங்க? சீட்டு வாங்கிட்டீங்களா?"

அண்ணன் அதைக் கேட்டு ஒரு மாதிரி ஆனான். கொஞ்ச நேரம்தான். பிறகு அந்தப் பாழும் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தியா? என்னை மறக்கல. உன்னைத்தான் மறந்துட்டான்."

நாற்காலியோடு சேர்த்து அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். சோறு போட்டவள் நான், துணி துவைத்தவள் நான், வீசிய செம்பை எடுத்து வைத்தவள் நான். சரி, ஆமாம், அப்படியே ஆகட்டும் என்று ஒரு ஆயுள் முழுக்கச் சொன்னவள் நான். அதில் ஒன்றுகூட அவருக்குள் ஒட்டவில்லை. பிடித்து நிற்க ஒரு கொக்கிகூட நான் வைக்கவில்லை. அந்தத் தடியனுடைய வசவு மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது.

மறுநாள் காலை தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். திடுக்கிட்டுப் பார்த்தார். யாரோ ஒரு பெண்ணைப் பார்க்கிற பார்வை.

"சாப்பிடுங்க," என்றேன். "காலம் பூரா ஒரு ஓட்டைப் படகை ஓட்டினவருக்கு இது போதும்."

அவர் கை நின்றது.

"என்ன சொன்னே?"

"படகு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போற படகு. அதுக்கு ஒரு கேப்டன் வேற."

"கப்பல்டி!" வீடே அதிர்ந்தது. மேசையைத் தட்டி எழுந்துவிட்டார். "அணியம் இருக்கு, பின்னணியம் இருக்கு, சுக்கான் இருக்கு, ரெண்டு தளம் இருக்கு..." அங்கே தடுக்கியது. வழக்கம் போல எடுத்துக் கொடுக்க அந்தச் சொல் என் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. கொடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டு நின்றேன்.

"நங்கூரம் இருக்குடி!" என்றார். "படகாம்! உங்கப்பன் வீட்டுத் தொட்டியில விடற காகிதம்னு நினைச்சியா?"

என் அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது.

கையை உதறிவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பகல் முழுக்க என்னோடு பேசவில்லை. என்னோடுதான் பேசவில்லை. யாரென்று தெரியாத பெண்ணிடம் யாரும் அப்படிக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாயங்காலம் அண்ணன் வந்து கதவைத் தட்டினான். நான் தாழ்ப்பாளைத் தொடவில்லை. உள்ளே இருந்தபடியே சொன்னேன்.

"இன்னிக்கு என் முறை. நீ நாளைக்கு வா."